முள் பாதியில் நின்றால் டேங்கில் பாதி இருக்கிறதா? படகு எரிபொருள் கேஜ் அனுபவங்கள்

ஃபைபர் படகு, 115 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்), தரைக்கடியில் 150 லிட்டர் டேங்க்

எரிபொருள் கேஜை நம்புகிறீர்களா என்று எந்தப் படகுக்காரரைக் கேட்டாலும் சிரிப்பார். ஆனால் சாவியைத் திருகியதும் அவர் கண் முதலில் போவதும் அந்த முள்ளின் மீதுதான். அதனால் நம்பலாமா கூடாதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். உங்கள் படகில் முள் எப்படி ஏமாற்றுகிறது, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முட்ட நிரப்பிக்கொண்டு கிளம்பினால் முள் நெடுநேரம் அசையவே அசையாது. இன்றைக்கு எஞ்சின் குடிக்கவே இல்லையோ என்று தோன்றும். பிறகு மெல்ல இறங்கும். பாதியைத் தாண்டியதும் விறுவிறுவென்று சரியும். ஒருமுறை குழாய் மாற்றுவதற்காக டேங்கை முழுக்க வடித்திருந்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தை நான் விடவில்லை. படகு அலையில்லாத தண்ணீரில் மட்டமாக மிதக்கும்போது பத்துப் பத்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

முதல் 10 லிட்டருக்கு முள் எழுந்திருக்கவே இல்லை. 20 தாண்டியதும் கால். பாதியைத் தொட்டபோது உள்ளே இருந்தது 50 லிட்டர்தான். முக்காலுக்குக் கிட்டத்தட்ட 90. 130-இல் 'ஃபுல்' காட்டியாயிற்று. அதற்கு மேல் ஊற்றிய 20 லிட்டர் முள்ளுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் டேங்குக்குள் மிதந்து முள்ளை அசைக்கும் மிதவைக்கு அதற்குமேல் ஏற இடமில்லை.

காரணம் எளிது. படகின் அடிப்பகுதி 'வி' வடிவம், அதற்குள் உட்காரும் டேங்கும் அப்படியே. மிதவை அளப்பது உயரத்தை, நமக்கு வேண்டியதோ கொள்ளளவு. கீழே ஒடுங்கி மேலே விரியும் டேங்கில் பாதி உயரம் பாதி எரிபொருள் ஆகாது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. எரிபொருளை உறிஞ்சும் குழாய் டேங்கின் அடியைத் தொடாது, கசடு வராமலிருக்கச் சற்று மேலேயே நிற்கும். என் டேங்கில் அடியிலுள்ள சுமார் 10 லிட்டர் எஞ்சினுக்குக் கிடைக்காது. ஆக, முள் பாதியில் நிற்கும்போது கைக்கு எட்டுவது 40. பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 38 லிட்டர் என்பது பழைய கைக்கணக்கு. எனக்கு அது 43, 44 வரும். பாதி டேங்க் என்று முள் சொல்கிறது, ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட அது போதாது.

இப்போது அந்தக் குறிப்பு கேஜுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முள் இன்னும் அதே பொய்யைத்தான் சொல்கிறது, ஆனால் தினமும் ஒரே பொய். எனக்கு அது போதும்.

---

படகு மின்வேலை செய்பவன், சொந்தமாக ஒரு பழைய அலுமினியப் படகு

அருமையான வேலை சார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் "கேஜ் போச்சு, புதுசு மாத்துங்க" என்றுதான் வருவார்கள். கழற்றிப் பார்த்தால் கேஜ் நன்றாகவே இருக்கும். டேங்க் யூனிட்டோ (மிதவை ஏறி இறங்குவதை மின்தடையாக மாற்றி கேஜுக்குச் சொல்லும் கருவி), வயரோ, எர்த்தோதான் கெட்டிருக்கும். அதிலும் எர்த்துதான் முதல் குற்றவாளி. உப்புக்காற்றில் அந்த முனை பச்சையாகப் பூத்துக் கிடக்கும்.

நான் பார்த்ததில் சிரிப்பு வந்த ஒன்று. ஒருவர் தானே புது கேஜ் வாங்கி மாட்டியிருந்தார். டேங்கை நிரப்பினால் முள் காலுக்கும் கீழே போகிறது, ஓட்ட ஓட்ட ஏறுகிறது. "என் படகு தண்ணியில இருந்து பெட்ரோல் எடுக்குது" என்றார். விஷயம் என்னவென்றால் டேங்க் யூனிட்டில் இரண்டு வகை உண்டு. அமெரிக்க வகை காலியில் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வகை தலைகீழ்: காலியில் 10, நிறைந்தால் 180. அவர் டேங்கில் இருந்தது ஐரோப்பியம், மாட்டியது அமெரிக்க கேஜ். பொருத்தமில்லாத கல்யாணம்.

சிரிப்பு வராத விஷயம் ஒன்றையும் சொல்கிறேன். இணைப்பில் துரு ஏறினால் மின்தடை கூடும். அமெரிக்க வகையில் தடை கூடினால் முள் கீழே இறங்கும். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், சீக்கிரம் கரை திரும்புவோம், அவ்வளவுதான். ஐரோப்பிய வகையில் தடை கூடினால் முள் மேலே ஏறும். வயர் அறுந்தேவிட்டால் டேங்க் காலியாக இருந்தாலும் 'ஃபுல்' காட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் படகில் இருப்பது எந்த வகை என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

எளிய சோதனை: சாவியைப் போட்டு, கேஜின் பின்னால் 'எஸ்' என்று போட்ட முனையிலிருந்து வயரைக் கழற்றுங்கள். இந்தக் கேஜ்களில் பெரும்பாலும் அது இளஞ்சிவப்பு வயர். அமெரிக்க வகையானால் முள் 'எம்ப்டி'க்குப் போக வேண்டும். அதே முனையை எர்த்தோடு இணைத்தால் 'ஃபுல்'லுக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜில் குற்றமில்லை, டேங்க் பக்கம் தேடுங்கள். இதை கேஜ் இருக்கும் இடத்தில் மட்டும் செய்யுங்கள், அதுவும் காற்றோட்டமாகத் திறந்து வைத்துவிட்டு. டேங்கின் தலைமேல் நின்றுகொண்டு வயரை உரசிப் பொறி பார்க்கிற ஆளையும் நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் சாமி.

---

பாய்மரப் படகு, சின்ன டீசல் எஞ்சின், 60 லிட்டர் டேங்க்

எங்களுக்குக் கதையே வேறு. படகு ஒரு பக்கம் சாய்ந்தால் முக்கால், பாயைத் திருப்பினால் கால். டேங்க் பக்கவாட்டில் இருக்கிறது, வேறென்ன காட்டும்? கேஜைக் கழற்றி எறியவில்லை, அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்பதற்காக.

நம்புவது இரண்டை. ஒன்று, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு. சின்ன டீசல், ஒரே வேகத்தில் ஓடுவது, மணிக்கு 2 லிட்டர் என்றால் பெரும்பாலும் 2 லிட்டர்தான். இரண்டு, அளவுக்குச்சி. மரக்குச்சியில் லிட்டர் லிட்டராக வெட்டுக் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

---

முன்னாள் விமானி, இப்போது ஆற்றுப்படகு

குச்சி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமலே சறுக்கி வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானதளத்தில் இறங்கியது. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அன்று அந்த விமானத்தின் எரிபொருள் கேஜ்கள் வேலை செய்யவில்லை. குச்சி விட்டு அளந்தார்கள், அளந்த அளவும் சரி. லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணால் பெருக்கிவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு வானில் ஏறினார்கள்.

படகிலும் கேலன், லிட்டர் குழப்பம் உண்டு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், இங்கிலாந்து கேலன் 4.546. எஞ்சின் கையேட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

---

இரட்டை அவுட்போர்டு, எரிபொருள் ஓட்டமானி பொருத்தியது

முள்ளை எல்லோரும் இப்படித் திட்டுகிறீர்கள். அதற்கு வக்காலத்து வாங்க ஒரு ஆளாவது வேண்டாமா?

நானும் ஓட்டமானிக் கட்சிதான். எஞ்சினுக்குள் போகும் ஒவ்வொரு லிட்டரையும் அது எண்ணுகிறது. நிரப்பும்போது பூஜ்யமாக்கிவிட்டால், எவ்வளவு செலவு, எவ்வளவு மிச்சம் என்று துல்லியமாகத் திரையில் எண்ணாக வரும். சில பருவங்களாக நான் நிரப்பிய அளவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொற்பம். அதனால் முள்ளைப் பார்ப்பதையே ஏறக்குறைய விட்டிருந்தேன்.

ஒரு நாள் திரும்பும் வழியில் திரை 90 லிட்டர் மிச்சம் என்கிறது. முள் காலில் நிற்கிறது. என் டேங்கில் 90 இருந்தால் முள் பாதிக்கு மேல் நிற்க வேண்டும், அது பழகிய விஷயம். முள் பைத்தியம் பிடித்து ஆடவில்லை, நிதானமாகக் காலில் நின்றது. அதுதான் உறுத்தியது. வேகத்தைக் குறைத்து, எஞ்சினை அணைத்து, அடித்தளத்து மூடியைத் திறந்தேன். குப்பென்று பெட்ரோல் வாடை. டேங்கிலிருந்து வடிகட்டிக்கு வரும் குழாயின் கிளாம்ப் தளர்ந்து சொட்டுச் சொட்டாக வடிந்திருக்கிறது. அத்தனையும் படகின் அடியில்.

ஓட்டமானி பொய் சொல்லவில்லை. எஞ்சினுக்குப் போனதை மட்டுமே அது எண்ணும். வழியில் ஒழுகியது அதன் கணக்கில் வராது, யாராவது டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்தாலும் வராது. டேங்குக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அந்த மிதவை ஒன்றுதான். அன்று மூடியைத் திறந்து வைத்து, வாடை முழுக்கப் போகும் வரை எந்த சுவிட்சையும் தொடவில்லை. படகின் அடியில் நீரிறைக்கும் பம்பின் தானியங்கி சுவிட்ச் அந்த நேரத்தில் ஒரு பொறி விட்டிருந்தால் என்று நினைத்தால்தான் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. வேறொரு படகு வந்து இழுத்துக்கொண்டு போனது.

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் மிஞ்சிய எரிபொருள் டேங்குக்கே திரும்பிப் போகும். போகும் வழியில் ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று என இரண்டு மானி வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் எஞ்சின் பேய்த்தனமாகக் குடிப்பதாகத் தெரியும்.

---

12 அடி ரப்பர் படகு, கையில் தூக்கும் 25 லிட்டர் டேங்க்

உங்கள் பிரச்சினை எதுவும் எனக்கில்லை 😄 மூடியில் ஒரு குட்டி மிதவைக் கேஜ் இருக்கிறது, பிசின் பிடித்து எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. மூடியைத் திருகி உள்ளே பார்ப்பேன், இல்லையென்றால் தூக்கிப் பார்ப்பேன். 25 லிட்டர் பெட்ரோல் 18, 19 கிலோ வரும். கை பொய் சொல்லாது.

---

மேல்தளச் சுக்கான் உள்ள படகு, இரண்டு இடத்தில் கேஜ்

எங்கள் படகை வாங்கும்போதே மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு. முன்னால் வைத்திருந்தவர் சாதாரண டேங்க் யூனிட் ஒன்றிலிருந்து இரண்டு கேஜுக்கும் வயர் இழுத்திருந்தார். இரண்டு கேஜுக்கென்றே தடை பாதியாக உள்ள யூனிட் தனியாக விற்கிறது. அதை மாட்டியதும் சண்டை ஓய்ந்தது.

ஆனால் ஓடும்போது பார்ப்பதில் அர்த்தமில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எரிபொருள் முழுக்கப் பின்னால் ஓடிவிடும். யூனிட் டேங்கின் பின்பக்கம் இருந்தால் முள் ஏறும், முன்பக்கம் இருந்தால் இறங்கும். நட்டநடுவில் இருந்தால் தப்பித்தீர்கள். நிறுத்தி, எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரச் சொல்லி, முள் அடங்கியபின் பார்ப்பதுதான் கணக்கு. நான்கு பேர் ஒரு பக்கம் நின்று மீனைப் பார்த்தால் அதற்கும் முள் ஆடும்.

---

115 குதிரைத்திறன், 150 லிட்டர் (முதலில் எழுதியவன்)

கசிவு அனுபவத்தைப் படித்ததும் எழுந்து போய் என் கிளாம்புகளைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோருக்கும் நன்றி. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என் கருத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: ஓட்டமானியும் முள்ளும் தனித்தனியாக அளக்கின்றன. ஒத்துப்போகும் வரை எதையும் யோசிக்க வேண்டாம். ஒத்துப்போகவில்லையென்றால் எது சரி என்று நடுக்கடலில் வாதாடாமல் குறைவாகச் சொல்வதையே எடுத்துக்கொள்வேன்.

மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் செய்கிறேன். ஆனால் 150-ஐ மூன்றால் வகுப்பதில்லை, கிடைக்கக்கூடிய 140-ஐத்தான். எதிர்க்காற்று, எதிர்நீரோட்டம் என்றால் அந்தக் கையிருப்பும் சீக்கிரம் தீரும்.

மின்வேலை நண்பருக்கு ஒரு கேள்வி. ஆடும் கம்பி வைத்த பழைய யூனிட்டை எடுத்துவிட்டு, குழாய்க்குள் மிதவை ஏறி இறங்கும் வகை போடலாமா? அளவு எப்படி எடுப்பது?

---

மின்வேலை செய்பவன்

தாராளமாகப் போடலாம் சார். உள்ளே காந்த மிதவையும், காந்தம் அருகில் வந்தால் இணையும் ரீட் சுவிட்சுகளும் இருக்கும், தேயும் கம்பிச்சுருள் கிடையாது. குழாய்க்குள் இருப்பதால் அலையில் ஆட்டமும் குறைவு. முள் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்காமல் படிப்படியாகத் தாவும், பயந்துவிடாதீர்கள். மிதவையே இல்லாமல் மின்தேக்குத்திறனை வைத்து அளக்கும் கெப்பாசிட்டன்ஸ் வகைக்குப் போகும் முன் யோசியுங்கள். டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்தால் சில யூனிட்டுகள் அதையே நிறைந்த டேங்க் என்று எடுத்துக்கொள்ளும்.

யூனிட் உட்காரும் துளையில் மரக்குச்சி விட்டு அடிவரை ஆழம் எடுங்கள். அதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையானதை வாங்குங்கள், அடியில் இடிக்கக் கூடாது. இறக்குமுன் வயரை மாட்டி, யூனிட்டைக் கையில் பிடித்துத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பாருங்கள். முள் முழுக்க ஏறி முழுக்க இறங்க வேண்டும். இதை டேங்க் மூடியபடி, தள்ளி நின்று செய்யுங்கள். யூனிட்டின் தட்டில் 5 திருகுத் துளை இருக்கும், அதில் ஒன்று சற்று விலகியிருக்கும், அதனால் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். உட்காரவில்லை என்று துளையை அகலப்படுத்தாதீர்கள், சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாமல் புதுசு போட்டு, திருகுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். பிறகு டேங்கை நிரப்பி, அந்தத் தட்டைச் சுற்றி விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமில்லை என்று உறுதியானபின் தரையை மூடலாம். பழைய குறிப்பைக் கிழித்துவிட்டு, மறுபடி பத்துப் பத்து லிட்டராக ஊற்ற வேண்டியதுதான்.