மடக்குக் கத்தி திறக்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

பாம்பன்காரன்
நேற்று வரை நன்றாக இருந்த மடக்குக் கத்தி இன்று காலையிலிருந்து திறக்கவில்லை. இழுத்து இழுத்து நகம் பிய்ந்ததுதான் மிச்சம். நாளை விடிகாலை கடலுக்குப் போகணும், தூண்டில் நூல் அறுக்க வேறு கத்தி கிடையாது. என்ன எண்ணெய் விடலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

முண்டுமிளகாய்
என்ன கத்தி? பிடி மரமா, பிளாஸ்டிக்கா? தண்ணீரில் விழுந்ததா?

உப்பளத்தான்
துருதான், சந்தேகமே வேண்டாம். நான் வாலிநோக்கத்தில் இருக்கிறேன், இங்கே காற்றே உப்பு. இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டால் மடக்கும் இடத்து ஆணி இறுகிவிடும். மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போடுங்க.

தொண்டிக்கடல்
மணலாகவும் இருக்கலாம். சட்டைப் பையிலா வைத்திருந்தீர்கள்?

பழைய_இரும்பு
இதை எத்தனை தடவை எழுதுவது? டாக்டரிடம் போய் "வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? கம்பெனி, எஃகு, பிடி, பூட்டு, நான்கும் சொன்னால்தான் பேச முடியும். அது தெரியாமல் மண்ணெண்ணெய் சொல்வதும் தப்பு. மரப்பிடியாக இருந்தால் நாற்றம் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் அந்தக் கத்தியால் ஒரு மாங்காய் நறுக்க முடியாது.

பாம்பன்காரன்
மன்னிக்கணும் அண்ணே. ஒப்பினெல் கம்பெனியின் 8-ஆம் நம்பர், மரப்பிடி. நேற்று மத்தியானம் வல்லத்தின் அடியில் தேங்கின தண்ணீரில் விழுந்திருக்கிறது, சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. துடைத்து மடக்கி வைத்தேன்.

பழைய_இரும்பு
முதலிலேயே சொல்லவேண்டிய விஷயம் இது. கழுத்தில் இருக்கும் வளையத்தைப் பாருங்கள். 1955-இல் அந்த வளையம் வந்தபோது விரித்த கத்தியை மட்டும்தான் பூட்டியது. 2000-இல் மாற்றினார்கள், அதிலிருந்து மடக்கிய நிலையிலும் பூட்டும். பூட்டு விழுந்தது தெரியாமல் இழுக்கிறவர்கள் நிறைய.

பாம்பன்காரன்
வளையம் சுற்றுகிறது. அதிலிருக்கும் வெட்டு அலகு வெளிவரும் பள்ளத்துக்கு நேராகத்தான் இருக்கிறது.

வலைக்காரி_தங்கச்சிமடம்
தம்பி, அது துரு இல்லை, மரம் உப்பிவிட்டது. அந்தப் பிடி பீச் மரம். தண்ணீர் குடித்தால் பருத்து அலகை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். எனக்கும் நடந்திருக்கிறது.

கொறடு போட்டு இழுக்காதீங்க, சட்டென்று விட்டால் விரல் போகும். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, அலகு மடங்கும் பள்ளம் கீழே பார்க்கும்படி பிடியுங்கள். விரல்கள் பக்கவாட்டில் மட்டும் இருக்கணும். பிடியின் வால் மட்டும் பலகை விளிம்பில் படுவதுபோல் லேசாக நாலு தட்டு. அலகின் முதுகு ஒரு நூல் அளவு எழும்பினாலும் போதும், பிடித்து மெதுவாக விரித்துவிடலாம்.

திறந்ததும் எண்ணெயைத் தேடாதீங்க. எண்ணெய் உப்பைக் கரைக்காது. நல்ல தண்ணீரில் பள்ளத்துக்குள் போகும்படி கழுவி, உடனே துடைத்து, விரித்தபடியே நிழலில் இரண்டு நாள் வையுங்கள். உப்பு உள்ளே தங்கினால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மரம் காயவே காயாது. வெயிலில் வைத்தால் பிளக்கும். காய்ந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளை மடித்துப் பள்ளத்தின் இரண்டு சுவரிலும் கொஞ்சம் தேய்க்கலாம். அதுக்கு அப்புறம்தான் எண்ணெய்.

தொண்டிக்கடல்
கடலுக்குப் போகிறவர்கள் எவர்சில்வர் கத்தி வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

உப்பளத்தான்
மரம் உப்பினதுக்கு எவர்சில்வர் என்ன செய்யும்? அதோடு, கார்பன் எஃகு அலகை வீட்டு அம்மிக்கல்லில் நாலு தேய் தேய்த்தாலே கூர் வந்துவிடும். புளிப்பு மாங்காய் அறுத்து அறுத்து நீலம் கலந்து கறுத்துப்போன அலகு அது, அந்த அழகு எவர்சில்வரில் வராது.

தொண்டிக்கடல்
அழகு இருக்கட்டும். உங்கள் அலகில் துருப்புள்ளி உண்டா, இல்லையா?

பழைய_இரும்பு
"எவர்சில்வர்" என்றால் துருவே பிடிக்காது என்று யார் சொன்னது? குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அந்தப் பெயர் வந்துவிடும். ஒப்பினெலின் இனாக்ஸ் என்கிற எவர்சில்வர் அலகில் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் கடல் தண்ணீரில் கழுவாமல் போட்டால் புள்ளி வரும்.

முண்டுமிளகாய்
நான் மிளகாய் மூட்டைச் சணல் அறுக்க ஐந்து வருஷமாகப் பெயர் தெரியாத பிளாஸ்டிக் பிடிக் கத்திதான் வைத்திருக்கிறேன். சந்தையில் வாங்கியது, 120 ரூபாய். மழையில் நனைந்தாலும் சிக்கியதில்லை. கையில் எடுத்தாலே ஒரு சந்தோஷம், தொலைந்தாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கடலுக்குக் கொண்டுபோக அந்த மாதிரிதான் சரி.

உப்பளத்தான்
120 ரூபாய்க் கத்திக்குக் கூர் எத்தனை நாள் நிற்கிறது என்பதையும் சொல்லுங்க.

முண்டுமிளகாய்
வாரம் ஒரு தடவை தீட்டுகிறேன். தீட்டுவது எனக்குப் பிடித்த வேலை.

பாம்பன்காரன்
ஆறாவது தட்டில் எழும்பிவிட்டது அக்கா, நன்றி. கார்பன்தான், அடியில் மிளகு அளவு இரண்டு புள்ளி. கழுவிக் காயவைத்தாச்சு. நாளைக்கு மச்சானோட கத்தி.