பார்க்காத கிரகத்துக்கு எடைச் சீட்டு போடுறது எப்படி?

எடைமேடைக்காரன், வி.கோட்டா

எல்லாருக்கும் வணக்கம். ஆந்திரா பக்கம் வி.கோட்டாவுல லாரி எடைமேடை வெச்சிருக்கேன். வீட்டுல பேசறது தமிழ், படிச்சது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து எங்க தாத்தா வாங்கின தினசரியில கத்துக்கிட்டது. ள, ழ தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

ராத்திரி தக்காளி லாரி வர்ற வரைக்கும் வேலை கிடையாது, போன்ல வீடியோ பார்ப்பேன். நேத்து ஒண்ணுல, ஜி.ஜே.1214 பி-ன்னு ஒரு கிரகம், பூமியைப் போல 2.7 மடங்கு அகலம், 8 மடங்கு எடைன்னு சொன்னாங்க.

அகலம் புரியுது. 2012 ஜூன் 6 காலையில வெள்ளி சூரியனுக்குக் குறுக்க போச்சே, அதை வெல்டிங் கண்ணாடியில பார்த்தவன் நான். தோசை மேல கடுகு விழுந்த மாதிரி ஒரு புள்ளி. எவ்வளவு வெளிச்சம் மறையுதுன்னு தெரிஞ்சா புள்ளி எத்தனை பெருசுன்னு சொல்லிடலாம். சரி.

எடை எப்படி? என் தொழில்ல வண்டி மேடை மேல ஏறணும். ஏறாத வண்டிக்குச் சீட்டு போட்டா என்னைத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க. இவங்க 48 ஒளியாண்டு தள்ளி இருக்கிறதுக்குப் போடுறாங்களே?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

முதலில் ஒன்று. அது 14-ஆம் நம்பர் கண்ணாடியாக இருந்திருந்தால் சரி. அதற்குக் குறைந்த நம்பர் என்றால் இனிமேல் அந்த வேலை வேண்டாம்.

வெள்ளிக் கணக்கிலும் ஒரு சின்னத் திருத்தம். வெள்ளி நமக்குப் பக்கத்தில் வந்து நின்றதால்தான் கடுகளவாவது தெரிந்தது. அன்று மறைந்தது சூரிய வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே வெள்ளியை வேறொரு நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் மறைவது லட்சத்தில் ஏழெட்டுப் பங்குதான். பூமியும் கிட்டத்தட்ட அவ்வளவே. இந்தத் துளியைப் பிடிக்கத்தான் 2009-ல் கெப்ளர் விண்கலத்தை அனுப்பி, வானத்தில் ஒரே இடத்தில் ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களைக் கண் கொட்டாமல் பார்க்க வைத்தார்கள். அத்தனை எதற்கு என்றால், பூமி போன்ற சுற்றுப்பாதை நம் பார்வைக்கு நேராக அமைய இருநூற்றில் ஒன்றுதான் வாய்ப்பு.

இனி எடை. உங்கள் சந்தேகம் நியாயமானது, கிரகத்தை யாரும் மேடை ஏற்றவில்லை. அது இழுப்பதால் நட்சத்திரம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கிறார்கள். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் (வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுவே தெரியும் கறுப்புக் கோடுகள்) நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. பூமி ஆட்டுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர்.

உங்கள் மேடையிலேயே சொல்கிறேன். சூரியன் 30 டன் லாரி என்றால் வியாழன் ஒரு பெட்டித் தக்காளி. பூமி 90 கிராம், ஒற்றைத் தக்காளி. 1995-ல் மயோர், கெலோ என்ற இரண்டு வானியலாளர்கள் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தில் கண்டுபிடித்த கிரகம் வியாழனில் பாதி எடை, நாலே நாளில் ஒரு சுற்று. அரைப்பெட்டிதான், ஆனால் லாரிக்கு ஒட்டினாற்போல் நின்றுகொண்டு உலுக்கியது, அதனால் அகப்பட்டது. 2019-ல் நோபல் கொடுத்தார்கள். ஒற்றைத் தக்காளிதான் இன்றும் பெரும்பாடு. லாரியும் சும்மா நிற்பதில்லை. நட்சத்திரத்தின் மேற்பரப்பு உலைக்கஞ்சி மாதிரி கொதித்துக்கொண்டே இருக்கிறது, அந்தக் கொதிப்பில் 9 சென்டிமீட்டர் முழுகிப்போகும்.

எடைமேடைக்காரன், வி.கோட்டா

ஐயா, படிச்ச உடனே பெட்டியிலிருந்து ஒரு தக்காளி எடுத்து மளிகைக்கடைத் தராசுல வெச்சேன். 87 கிராம். அதையே என் மேடையில கொண்டுபோய் வெச்சேன், சைபர். என் மேடை பத்துப் பத்து கிலோவாத்தான் ஏறும். டிரைவர் இறங்கலைன்னாத்தான் எனக்குத் தெரியும், செருப்பைக் கழட்டினா தெரியாது.

ஒரு விஷயம் இப்பத்தான் மண்டையில ஏறுது. குப்பம் பக்கத்திலிருந்து கிரானைட் லாரி வரும். ரெண்டு கல்லுதான், முக்கால்வாசி தொட்டி காலி, எடை பிச்சுக்கிட்டுப் போகும். வைக்கோல் லாரி ரோடு அடைச்சு வரும், எடை ஒண்ணும் இருக்காது. அகலம், எடை ரெண்டும் இருந்தா உள்ள கல்லா வைக்கோலான்னு சீட்டைப் பார்த்தே சொல்லிடுவேன். இவங்களும் அதுக்குத்தான் இவ்வளவு பாடுபடுறாங்களா?

குப்பம் பாசஞ்சர்

அண்ணா, அதேதான். 2.7 மடங்கு அகலம்னா கொள்ளளவு கிட்டத்தட்ட 20 மடங்கு. எடை 8 மடங்குதான். தண்ணி அடர்த்தியை 1-ன்னு வெச்சா இது 2.2 வருது, பூமி 5.5. முழுக்கக் கல்லு இல்லை, மேல ஆவியோ தண்ணியோ ஏதோ கனமாப் போர்த்தியிருக்கு. கெப்ளர் பிடிச்சதை 2017-ல திரும்ப அளந்து அடுக்கினப்போ, பூமியைப் போல ஒன்றரையிலிருந்து ரெண்டு மடங்கு அகலத்துக்குள்ள கிரகங்கள் குறைச்சலா இருந்துச்சு. ஒரு பக்கம் கல்லு லாரி, இன்னொரு பக்கம் வைக்கோல் லாரி, நடுவுல ரோடு காலி.

நான் தினம் பெங்களூருக்கு ரயில்ல போய் வர்றவன், லேப்டாப்பில, கெப்ளர் மாதிரியே கிரகம் தேடுற டெஸ் விண்கலத்தோட டேட்டாவை நோண்டுறது பழக்கம். 2018-ல ஏவினது, வானத்துல ஒவ்வொரு பட்டையையும் 27 நாள் பார்க்கும், டேட்டா எல்லாருக்கும் இலவசம். போன வருஷம் ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சத்துல அழகான பள்ளம் கிடைச்சுது, ரெண்டு நாளுக்கு ஒரு தடவை, கடிகாரம் மாதிரி. பங்காருப்பேட்டை வர்றதுக்குள்ள கிரகத்துக்குப் பேரே வெச்சிட்டேன். அப்புறம் ஒற்றைப்படைப் பள்ளத்தை ஒரு பக்கம், இரட்டைப்படைப் பள்ளத்தை ஒரு பக்கம் பிரிச்சுப் போட்டா, ஒண்ணு ஆழம், ஒண்ணு மேலாக்க. ஒரே கிரகம்னா எல்லாப் பள்ளமும் ஒரே ஆழம் இருக்கணுமே. கிரகமே இல்லை. ரெண்டு நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு மறைச்சு விளையாடுது, அதுவும் நான் பார்த்ததுக்குப் பக்கத்துல இருக்கிற வேற ஜோடி. டெஸ் கேமராவுல ஒரு புள்ளி (பிக்சல்) வானத்துல 21 விநாடிக் கோணம் அகலம் (ஒரு டிகிரியில 3600-ல ஒரு பங்குதான் ஒரு விநாடிக் கோணம்), அக்கம்பக்கத்து வெளிச்சமெல்லாம் ஒரே சட்டியில விழும். அன்னைக்கு ஆபீஸ்ல யார்கிட்டயும் பேசலை.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

பாசஞ்சர் தம்பி, அது தோல்வி இல்லை, சரியான சோதனை. பலர் அதைச் செய்யாமல்தான் பேர் வைக்கிறார்கள்.

எடைமேடைக்காரர் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு: காலி வண்டி எடை. இங்கே காலி வண்டி என்பது நட்சத்திரம். பள்ளத்தின் ஆழம் சொல்வது கிரகம் நட்சத்திரத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை மட்டும்தான். நட்சத்திரத்தின் அகலத்தை 10 சதவீதம் கூட்டிப் போட்டிருந்தால் கிரகமும் 10 சதவீதம் வீங்கும், கொள்ளளவு 33 சதவீதம் வீங்கும், கல் வைக்கோலாகிவிடும். கையா விண்கலம் நட்சத்திரங்களின் தூரத்தைத் திருத்தமாக அளந்து கொடுத்த பிறகுதான் இந்தக் கணக்குகள் ஓரளவு ஒழுங்குக்கு வந்தன.

சின்னக் கிரகம் வேண்டும் என்றால் சின்ன லாரியைப் பிடிப்பது ஒரு வழி. டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரம் சூரியனில் 9 சதவீத எடைதான். அதே தக்காளியைக் குட்டியானையில் ஏற்றிப் பார்ப்பது போல. அங்கே பூமி அளவில் ஏழு கிரகங்கள், 2017-ல் அறிவித்தார்கள். ஒன்றை ஒன்று இழுப்பதால் குறுக்கே போகும் நேரம் சற்று முந்தும், பிந்தும். அந்த வித்தியாசத்தை வைத்தே ஏழுக்கும் எடை போட்டுவிட்டார்கள், ஆட்டத்தை அளக்காமலே.

எடைமேடைக்காரன், வி.கோட்டா

காலி வண்டி எடையைக் கேட்காம விட்டேன்னு எங்கப்பா கேட்டா திட்டுவார். அதுலதான் எல்லா ஏமாத்தும் நடக்கும், தண்ணி டேங்கை நிரப்பிக்கிட்டு வந்து காலி போடுவாங்க.

பக்கத்துல காவலூர் தொலைநோக்கி இருக்கு, வாணியம்பாடி தாண்டி மலை மேல. ஒரு சனிக்கிழமை போகலாம்னு இருக்கேன், தக்காளி சீசன் முடியட்டும்.

தம்பி, அந்த டெஸ் டேட்டாவைப் போன்ல திறக்க முடியுமா? மேடையில இருக்கிற கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. சீட்டு அடிக்கிறதுக்கே முக்குது.

குப்பம் பாசஞ்சர்

முடியும் அண்ணா, பிரௌசர்லயே. ஞாயித்துக்கிழமை வர்றேன், போட்டுக் காட்டுறேன். அந்த 87 கிராம் தக்காளியை அதுவரைக்கும் யாரும் ரசத்துல போட்டுடாம பார்த்துக்கோங்க.

எடைமேடைக்காரன், வி.கோட்டா

அது நேத்தே போயிடுச்சு.