மறு: ஹைட்ரோசாலுக்குத் தமிழ்ல என்ன? அடிநீர், மணநீர், இல்ல தீநீரா?

> எண்ணெய் மேல மிதக்கும், தண்ணி அடியில நிக்கும். அதனால 'அடிநீர்' சரியா வரும்.

அண்ணாச்சி, நாம பேர் தேடுற ஹைட்ரோசால்னா, பூ, புல்ல ஆவியில காய்ச்சி வாசனை எண்ணெய் வடிக்கும்போது கூடவே வர்ற தண்ணி. இஞ்சிப்புல்ல மட்டும் வச்சுப் பாத்தா அடிநீர் சரிதான். புல்தைலம் காய்ச்சுற இடத்துல பாத்திருப்பிய, புல்லத் திணிச்சு ஆவி ஏத்தி, அது குளிர்ந்து குழாய் வழியா சொட்டும்போது மஞ்சளா ஒரு படலம் மேல நிக்கும், அத எடுத்துட்டு கீழ உள்ள தண்ணியத் திறந்து விட்டுருவாவ. ஆனா மாறாமலை கிராம்ப அதே வாலையில, அதாவது காய்ச்சி வடிக்கிற கலத்துல, போட்டா எல்லாம் தலைகீழ். கிராம்பு எண்ணெயில பெரும்பகுதி யூஜெனால், அது தண்ணிய விட கனம், மில்லிக்கு 1.04 கிராமுக்கு மேல வரும். முதல்ல வெளுப்பா கலங்கித்தான் விழும், கொஞ்சநேரம் அசைக்காம வச்சா சின்னச்சின்ன உருண்டையா எண்ணெய் அடியில இறங்கி உக்காந்துக்கும், தண்ணிதான் மேல. இப்ப அதுக்கு அடிநீர்னு எப்படி பேரு வைக்க? வெட்டிவேர் இன்னும் மோசம், அந்த எண்ணெய் கிட்டத்தட்ட தண்ணி கனம்தான், பிரிஞ்சு வர்றதுக்குள்ள பொறுமை போயிரும். அதுக்குன்னு தனியா நடுநீர்னு ஒண்ணு வேணும் போல :)

> ஹைட்ரோ = நீர், சால் = கூழ்மம். 'நீர்க்கூழ்மம்'னு போட்டா முடிஞ்சுது.

இது வேதியியல் புத்தகத்துல வர்ற வேற ஹைட்ரோசால், தண்ணியில நுண்துகள் மிதக்குற கூழ்மம். வாசனைக்காரங்க சொல்றது வாலையில இருந்து எண்ணெயோட சேந்து வர்ற தண்ணி. பேரு ஒண்ணா இருக்குன்னு சரக்கு ஒண்ணாயிருமா? அப்படியே பெயர்த்ததாலதான் எசென்ஷியல் ஆயில், அதாவது செடியில இருந்து எடுக்குற வாசனை எண்ணெய், 'அத்தியாவசிய எண்ணெய்'னு ஆகி, இப்ப லேபிள் லேபிளா ஓடுது, படிக்கிறவனுக்கு ரேஷன் கடை பாமாயில்தான் ஞாபகம் வரும்.

குழுவுல டீச்சர் சொன்ன 'மணநீர்' கேக்க நல்லாருக்கு, எனக்கும் முதல்ல பிடிச்சுது. சிக்கல் என்னன்னா, சும்மா தண்ணியில நாலு சொட்டு எசன்ஸ ஊத்தி, கலக்க ஏதாவது சேத்துக் குலுக்கினாலும் அது மணநீர்தானே. கடையில பாதி அதுதான் விக்குது. வாலையில வர்றது அப்படி இல்ல, பூவுல உள்ள எந்தெந்தப் பொருள் தண்ணியில கரையுமோ அது தண்ணியோட போயிரும், மிச்சம்தான் எண்ணெயா நிக்கும். ரோஜாவுல ஃபீனைல்எத்தில் ஆல்கஹால்னு ஒண்ணு, பூவுக்கு அந்த ரோஜா வாசனையக் குடுக்குறதுல முக்கியமானது, அது நல்லா கரையுற ஜாதி, அதனால பெரும்பகுதி பன்னீர்லதான் கிடக்கும். பன்னீர் வாசனையும் ரோஜா எண்ணெய் வாசனையும் வேற வேறயா இருக்குறது அதான். ஆக எப்படி வந்துதுங்கறது பேர்லயே தெரியணும்.

சித்த மருத்துவத்துல அதுக்கு ஏற்கனவே பேரு இருக்கே! உள்ளுக்குக் குடுக்குற 32 அகமருந்துல தீநீர்னே ஒரு வகை, சரக்க வாலையில இட்டு வடிக்கிறது. ஓமத்தீநீர், சோம்புத்தீநீர் எல்லாம் அந்தக் கணக்குதான், பிள்ளைக்கு வயிறு உப்பினா குடுக்குற ஓமத்தண்ணியே இதுதான். குழித்துறை பக்கம் ஆயுர்வேதக் கடையில அயமோதக அர்க்கம்னு கேட்டாலும் அதேதான் வரும். பேரு கையில கிடக்கும்போது புதுசா உண்டாக்கணுமா?

> தீநீர் = தீய நீர்னு படிச்சிட மாட்டாங்களா? தீவினை, தீநட்பு மாதிரி?

நியாயமான கேள்வி, ஆனா எங்க ஊருல உள்ளித்தீயல்னு ஒரு குழம்பு இருக்கு, தேங்காய கருக்க வறுத்து அரைச்சு வைக்கிறது. அத யாரும் கெட்ட குழம்புன்னு படிச்சதா தெரியல, ரெண்டாவது தடவ சோறு வாங்கித்தான் படிப்பாவ. 'காய்ச்சி வடித்த நீர்'னு நீளமா சொல்லலாம்னா அது பேட்டரிக்கு ஊத்துற தண்ணிக்குப் போயிட்டு, அதுல ஒண்ணும் இருக்கக்கூடாது, இதுல இருக்கணும்.

இன்னொண்ணு, தோவாளை பிச்சிக்கும் மல்லிக்கும் தீநீர் கேட்டு எழுதியிருந்தாங்க. பெரிய ஆலைகள்ல அந்தப் பூவ வாலையில ஏத்துறதில்ல, சூட்டுல வாசனை கெட்டுரும்னு ஹெக்சேன்ங்கற கரைப்பான்ல ஊறவச்சு எடுக்காங்க, அங்க தண்ணி வழியே கிடையாது. அந்தச் சரக்குக்கு வேற சொல் பாப்போம். எசென்ஷியல் ஆயிலும் தனி இழைக்குப் போகட்டும், 'வாலையெண்ணெய்'னு யாரோ போட்டிருந்தாங்க, ஆரஞ்சுத் தோல் எண்ணெய பிழிஞ்சே எடுக்காங்களே, அப்ப அது உதைக்கும்.

எனக்கு தீநீர்ல உறுத்துறது ஒண்ணே ஒண்ணு. ஓமத்தீநீர் குடிக்கிற மருந்து, அந்தப் பழக்கத்துல மூஞ்சில தெளிக்கிற வெட்டிவேர் சரக்க யாராவது எடுத்துக் குடிச்சிட்டா? சித்தத்துல அகமருந்து, புறமருந்துன்னு பிரிச்சு வச்சிருக்காவளே, அதே மாதிரி மேலுக்கு மட்டும் உள்ளத 'புறத்தீநீர்'னு போடலாம். பொதுச்சொல் தீநீர், பூசத் தெளிக்கன்னு விக்கிற பாட்டில்ல வெட்டிவேர்ப் புறத்தீநீர், இஞ்சிப்புல் புறத்தீநீர். முன்சிறை சித்த மருத்துவக் கல்லூரியில படிச்சவங்க யாராவது குழுவுல இருந்தா, 'புற' சேக்குறதுல மரபுக்கு இடிக்குதான்னு பாத்து எழுதுங்க, இல்லன்னா சொல்பட்டியல்ல இப்படியே ஏத்திரலாம்.