கொல்லிமலை ஹேர்பின்ல வண்டி வைடா போகுது, டைட் கார்னர் எப்படி பழகுறது?

நாமக்கல்_என்எஸ்:
எல்லாருக்கும் வணக்கங்க. பல்சர் என்எஸ் 200 பைக் வச்சிருக்கேன், 2 வருசம் ஆச்சு. ஹைவேல ஓட்ட பயமே இல்ல. ஆனா போன வாரம் நாலு பேரு காரவள்ளில இருந்து கொல்லிமலை ஏறுனோம், 70 ஹேர்பின்ல எனக்கு பாதிக்கு மேல சொதப்பல்தான், முக்கியமா லெஃப்ட்ல திரும்புற பெண்டு, வண்டி உள்ள நிக்கவே மாட்டேங்குது, அப்படியே நடு ரோட்ட தாண்டி எதிர் சைடுக்கு போயிருது, ஒரு தடவ மேல இருந்து பஸ்ஸு வேற வந்துருச்சு, டிரைவர் அண்ணன் என்ன சொன்னாருன்னு இங்க டைப் பண்ண முடியாது. கேவலம் என்னன்னா கூட வந்தவன் பழைய ஸ்ப்ளெண்டர்ல என்ன முந்திட்டு மேல போய் டீ குடிச்சிட்டு உக்காந்துருக்கான்.

ஜப்பான்காரங்க கோன் வச்சு சுத்துற ஜிம்கானா வீடியோ பாத்துட்டே இருக்கேன். எங்கூர்ல அறுவடை இல்லாதப்ப சும்மா கெடக்குற சிமெண்ட் களம் ஒண்ணு இருக்கு. அங்க என்ன பழகலாம், எதுல இருந்து ஆரம்பிக்கிறது? சாய்ச்சு ஓட்டத்தான் எனக்கு வரலன்னு நெனைக்கிறேன்.

சேலத்துக்காரன்:
தம்பி, சாய்க்கிறத அப்புறம் பாக்கலாம், நீ எங்க பாத்துட்டு ஓட்டுன? அந்த பஸ்ஸ பாத்திருப்ப, இல்லாட்டி முன் டயருக்கு நேரா ரோட்ட பாத்திருப்ப. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும். ஹேர்பின்ல தாடைய தோள்பட்டை மேல கொண்டு வந்து, ரோடு திரும்பி மேல ஏறுற எடத்த பாக்கணும், கழுத்து வலிச்சாதான் சரியா திரும்பிருக்கன்னு அர்த்தம்.

ரெண்டாவது இடது கை. ஸ்லோவா திரும்புறப்ப கிளட்ச்ச முழுசா புடிச்சா வண்டி செத்துரும், உள்பக்கம் பொத்துன்னு சாயும். முழுசா விட்டா உன் வண்டி ஃபர்ஸ்ட் கியர்ல கழுதை மாதிரி துள்ளும். ரெண்டுக்கும் நடுவுல பாதி கிளட்ச்ல வச்சு, ஆர்பிஎம்ம (இன்ஜின் சுத்துற வேகத்த) கொஞ்சம் தூக்கி ஒரே அளவுல வச்சுக்கிட்டு, ஸ்பீட பின் பிரேக்ல கட்டுப்படுத்து. ஆக்சிலேட்டர ஆட்டாத. செயின் தொங்குதான்னும் பாரு, லூசா இருந்தா அந்த துள்ளல் இன்னும் மோசமா இருக்கும்.

களத்துல மொதல் நாள் கோனே வேணாம். நடந்து போற ஆளு வேகத்துல நேர் கோட்டுல கால் ஊனாம ஓட்டு, இவ்ளோதான். சிரிக்காத, ஓட்டி பாத்துட்டு சொல்லு.

அரைகிளட்ச்:
அண்ணன் சொன்னது சரி, நான் கணக்கு சொல்றேன். 5 மீட்டர் ரேடியஸ் வட்டத்துல 15 கிமீ வேகத்துல சுத்த சுமார் 20 டிகிரி சாய்வு போதும். 20ல போனா 32. 25ல 45 டிகிரி கிட்ட வந்துரும், 30ல 55. டயர் தடிமன் இருக்கறதால நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடவே சாய்க்கணும். அதாவது 15க்கும் 30க்கும் நடுவுலயே கதை முடிஞ்சிருது ப்ரோ, வேகம் ரெண்டு மடங்கானா திரும்ப வேண்டிய விசை நாலு மடங்கு. அதனால டைட் பெண்டுக்குள்ள வேகமா போறதுன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. அந்த ஜப்பான்காரங்க நேரம் மிச்சம் புடிக்கிறது பெண்டுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான். கடைசி வரைக்கும் முன் பிரேக் புடிச்சு, சாய்க்க சாய்க்க கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க. முன் ஃபோர்க் (முன்பக்க ஷாக்) அமுங்கியே இருக்கறதால வீல்பேஸ், அதாவது ரெண்டு வீலுக்கும் நடுவுல உள்ள தூரம், குறைஞ்சு வண்டி டக்குன்னு திரும்பும். திரும்புன ஒடனே வண்டிய நிமித்தி கேஸ் குடுத்துருவாங்க. சாஞ்சே இருக்குற நேரத்த எவ்ளோ கம்மி பண்றோமோ அவ்ளோ நல்லது.

ஒரு கோன முழுசா ஒரு சுத்து சுத்துறதுக்கு அங்க கைட்டென்னு பேரு. கால் ஊனுனா, கோன தொட்டா டைம்ல செகண்ட் ஏத்திருவாங்க, அதனால வெறும் வேகம் பத்தாது. வண்டிலயும் வேலை இருக்கும், ஹேண்டில் இன்னும் அதிகமா ஒடியுற மாதிரி ஸ்டாப்பர அரைப்பாங்க, ஐடில (கேஸ் குடுக்காதப்ப இன்ஜின் ஓடுற வேகத்த) ஏத்துவாங்க, பின்னாடி பெரிய ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) போடுவாங்க. ரோட்டு வண்டில ஸ்டாப்பர்ல கை வைக்காதீங்க.

ஜிம்கானாங்குற வார்த்தையே வெள்ளக்காரன் காலத்துல நம்ம நாட்டுல இருந்து போனதுதான், மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884லயே இருக்கு. நம்ம ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டதோட மறந்துட்டோம் 😄

கோனுக்கு வாட்டர் பாட்டில்ல பாதி மண்ணு போட்டு வைங்க. செங்கல்லு மட்டும் வேணாம், ஏறுனா முன் வீல் போயிரும்.

மலைரோடு:
மேல உள்ளவங்க சொன்னது எல்லாம் களத்துக்கு சரி. மலைல முன் பிரேக்க புடிச்சுட்டே சாய்க்கிற வேலைய இப்பவே ஆரம்பிக்காதீங்க, பெண்டுல மண்ணு கெடந்தா முன் டயர் வழுக்கும், வழுக்குனா மறுபடி புடிக்க டைம் கெடைக்காது. நேரா இருக்கும்போதே பிரேக்க முடிச்சு, கியர் எறக்கிட்டு அப்புறம் திரும்புங்க.

நீங்க வைடா போறதுக்கு காரணம் வேற ப்ரோ. நம்மூர்ல லெஃப்ட் ஹேர்பின்தான் உள் சுத்து, சின்ன வட்டம், ஏத்தமும் உள்பக்கம்தான் செங்குத்தா இருக்கும். அத பாத்து பயந்து சீக்கிரமே உள்ள மடக்கிடுறீங்க, சீக்கிரம் மடக்குனா வெளிய வரும்போது எடம் பத்தாது, வண்டி தானா எதிர் லேனுக்கு போயிரும். உங்க லேன்லயே நடுக்கோட்ட ஒட்டி வந்து, மறு பக்கம் ரோடு தெரியுற வரைக்கும் பொறுத்து, லேட்டா மடக்குங்க. ஹார்ன் அடிச்சுட்டே திரும்புங்க. அந்த ஸ்ப்ளெண்டர் தம்பிக்கு வேற வழி இல்ல, கியர எறக்கிதான் திருப்பியாகணும், அதான் சுத்தமா திரும்பிருக்கான்.

நாமக்கல்_என்எஸ்:
3 ஞாயித்துக்கிழமை ஆச்சுங்க, அப்டேட். நடை வேகத்துல நேரா போறது மொத நாள் 5 செகண்ட் தாங்கல, சேலத்து அண்ணன் சிரிக்காதன்னு சொன்னது புரிஞ்சுது. இப்ப எட்டு நல்லா வருது. 10 நிமிசம் ஓட்டுனா ஃபேன் ஓட ஆரம்பிச்சுருது, கிளட்ச்சும் சூடாகுதேன்னு நிறுத்தி நிறுத்திதான் ஓட்டுறேன். வண்டி ரெண்டு தடவ கீழ போச்சு, ரெண்டும் வலது பக்கம். லெஃப்ட்ல வட்டம் எவ்ளோ சின்னதா வேணா போடுறேன், ரைட்ல மட்டும் பாதி சுத்துல திடீர்னு கேஸ் ஏறி வண்டி ஓடுது, இல்லாட்டி ஆஃப் ஆகி விழுது. எனக்கு மட்டும்தான் இப்டியா?

சேலத்துக்காரன்:
எல்லாருக்கும்தான். ரைட்ல முழுசா ஒடிக்கும்போது ஆக்சிலேட்டர் கை உன் வயித்துக்கிட்ட வந்துரும், மணிக்கட்டு மடங்கும், உனக்கே தெரியாம முறுக்கிருவ. இடது கை அந்தப்பக்கம் நீண்டு போயிரும், அப்ப கிளட்ச் ரெண்டு விரலுக்கு எட்டாது, அதான் ஆஃப் ஆகுது. வேலை ரெண்டு. ஒண்ணு, ஆக்சிலேட்டர நேரா புடிக்காம ஸ்க்ரூடிரைவர் புடிக்கிற மாதிரி சாய்வா புடி. ரெண்டு, சீட்ல கொஞ்சம் முன்னாடி நகந்து வெளிப்பக்கம் உக்காரு, வண்டிய மட்டும் உனக்கு கீழ சாய விடு. டேங்க முட்டியால இறுக்கு, கைல தொங்காத. கிளட்ச் புடிக்கிற பாயிண்ட் ரொம்ப தூரமா இருந்தா கேபிள் அட்ஜஸ்டர்ல ஃப்ரீப்ளேய (லிவர் சும்மா ஆடுற அளவ) சரி பண்ணு.

நாமக்கல்_என்எஸ்:
சரிங்கண்ணா, வர்ற ஞாயிறு பாக்குறேன். அதுக்குள்ள வலது இண்டிகேட்டர் ஒண்ணு வாங்கணும், இது ரெண்டாவது. கடைக்காரர் ஏன் தம்பி எப்பவும் வலதே கேக்குறன்னு கேட்டுட்டாரு.