கலைச்சொற்களை ஒப்பிக்கிறாள், கேள்வியை மாற்றிக் கேட்டால் திணறுகிறாள்

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. அறிவியல் பாடத்தில் வரும் சொற்களை அகரவரிசையில் பட்டியல் போட்டுப் படித்து, எல்லாவற்றுக்கும் வரி பிசகாமல் விளக்கம் சொல்லிவிடுவாள். "நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு." சரி, நிலவுக்குப் போனால் நிறை மாறுமா, எடை மாறுமா என்று கேட்டால் முழிக்கிறாள். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானே அம்மா என்கிறாள். சுவாசம் என்றால் மூச்சு விடுவது என்று எழுதி மதிப்பெண் போயிற்று. நான் வணிகவியல் படித்தவள், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மனப்பாடம் தவிர வேறு வழி இருக்கிறதா?

கரும்பலகை:
வணக்கம் சகோதரி. நான் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கும் ஆசிரியை. முதலில் அந்தச் சொற்பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். அகரவரிசையில் படிக்கும் பிள்ளைக்கு எந்தச் சொல் எதோடு குழம்பும் என்பதே தெரியாமல் போய்விடுகிறது. குழம்புகிற இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

இயற்பியல் சொல் என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதை எந்த அலகில் சொல்வாய்?" நிறைக்குக் கிலோகிராம், எடைக்கு (அதாவது பூமியோ நிலவோ பொருளை இழுக்கும் விசைக்கு) நியூட்டன். அலகு வேறு என்றால் அளக்கிற விஷயமே வேறு. 30 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளையின் எடை பூமியில் ஏறத்தாழ 294 நியூட்டன், நிலவில் ஏறத்தாழ 49 நியூட்டன். நிறை இரண்டு இடத்திலும் அதே 30தான். இந்தக் கணக்கை மகளே போட்டுப் பார்க்கட்டும். பூமியில் 9.8ஆல் பெருக்க வேண்டும், நிலவில் 1.62ஆல். தொலைவும் இடப்பெயர்ச்சியும் இன்னும் சுலபம்: 400 மீட்டர் ஓடுபாதையை ஒரு சுற்று சுற்றி வந்தால் தொலைவு 400 மீட்டர், ஆனால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி.

வெப்பம், வெப்பநிலை ஜோடிக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள். ஒரு குவளையில் நொறுக்கிய பனிக்கட்டியோடு கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, ஆய்வக வெப்பநிலைமானியை வைத்து, மெதுவாகக் கலக்கிக்கொண்டே அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பநிலைமானி இதற்கு உதவாது, அது ஏறத்தாழ 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும்.) அறையிலிருந்து வெப்பம் குவளைக்குள் போய்க்கொண்டே இருக்கும், பனிக்கட்டி கரைந்துகொண்டே இருக்கும், ஆனால் அளவு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெப்பம் உள்ளே போகிறது, வெப்பநிலை ஏறவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தால் இப்படி நடக்கவே முடியாது இல்லையா? இதைப் பார்த்த பிள்ளை பிறகு அவ்வளவு சுலபமாகக் குழம்புவதில்லை.

உயிரியலில் அலகுக் கேள்வி அவ்வளவாக உதவாது. அங்கே "எங்கே நடக்கிறது? என்ன உள்ளே போகிறது? என்ன வெளியே வருகிறது?" என்று கேட்க வேண்டும். மூச்சு விடும்போது நுரையீரலுக்குள் காற்று போகிறது, வருகிறது, அவ்வளவுதான். சுவாசம் உடம்பின் உயிருள்ள செல்களுக்குள்ளே நடப்பது. குளுக்கோஸும் ஆக்சிஜனும் போகின்றன, கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆற்றலும் வருகின்றன. பெரும்பகுதி நடக்கும் இடம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு. மண்புழுவுக்கு நுரையீரலே கிடையாது, தோல் வழியாகத்தான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் அதன் செல்களில் சுவாசம் நடக்கிறது.

வாய்ப்பாடு:
டீச்சர், எனக்கு இரண்டு சந்தேகம். எடைக்கு நியூட்டன் என்றால் எடை பார்க்கும் இயந்திரம் ஏன் கிலோகிராமில் காட்டுகிறது? அப்புறம், செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும் என்றுதானே படித்தோம்?

கரும்பலகை:
இரண்டுமே அருமையான கேள்விகள். இயந்திரம் உணர்வது நாம் அதை அழுத்தும் விசையைத்தான். பூமியில் இவ்வளவு விசை என்றால் நிறை இவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அதே இயந்திரத்தை நிலவுக்குக் கொண்டுபோனால் 30 கிலோகிராம் பிள்ளைக்கு 5 கிலோகிராம் என்று காட்டும். இரண்டு தட்டுத் தராசு அப்படி ஏமாறாது. படிக்கல்லின் எடையும் அதே விகிதத்தில் குறைவதால் அங்கேயும் 30தான் வரும்.

செடி விஷயத்தைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குத் திருத்திச் சொல்லுங்கள். செடி இரவும் பகலும் இடைவிடாமல் சுவாசிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை சுவாசத்தைவிட வேகமாக நடப்பதால், மொத்தத்தில் ஆக்சிஜன் வெளியே வருவதுதான் நமக்குத் தெரிகிறது. பச்சை இலை விடாத முளைகட்டிய விதைகளை மூடிய குடுவையில் வைத்து, உள்ளேயே ஒரு சிறு குழாயில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வையுங்கள். நீர் பால்போல் கலங்கும். விதைகள் விட்ட கார்பன் டை ஆக்சைடுதான் காரணம்.

காந்தஊசி:
வேதியியல் பக்கமும் ஒன்று சொல்கிறேன். கலவை, சேர்மம் இரண்டுக்கும் இரும்புத்தூளும் கந்தகமும் போதும். வெறுமனே கலந்து வைத்தால் காந்தம் இரும்பை மட்டும் இழுத்துவிடும், அது கலவை. சரியான விகிதத்தில் சேர்த்துச் சூடுபடுத்தினால் இரும்பு சல்பைடு என்ற சேர்மம் கிடைக்கும், காந்தத்தால் அதிலிருந்து இரும்பைப் பிரிக்க முடியாது. சூடுபடுத்துவதைப் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர்தான் செய்ய வேண்டும், வீட்டில் காந்தம் வரைக்கும் போதும்.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. பனிக்கட்டியைச் செய்து பார்த்தோம். கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "உள்ளே போன வெப்பம் எங்கே போச்சு?" என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும் டீச்சர்?

கரும்பலகை:
அவளே கேட்டாளா! ரொம்ப சந்தோஷம். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தவே வெப்பம் செலவாகிறது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 334 ஜூல். கரைந்து முடிந்த பிறகுதான் வெப்பநிலை ஏறும். உள்ளுறை வெப்பம் என்ற சொல்லை இப்போது சொல்லிக் கொடுங்கள். அடுத்து, கொதிக்கும் தண்ணீரிலும் இப்படி ஒரு இடத்தில் நிற்குமா என்று அவளையே முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் நீங்கள் கூடவே இருங்கள்.