டாக்டர் சொன்னதும் நான் அம்மாவிடம் சொன்னதும்

அம்மாவுக்கு வாய்ப்புற்று. வெற்றிலையும் புகையிலையுமாக முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வந்து, அங்கே கொழும்பு பஸ் பிடித்து கிளினிக்குக்குப் போவோம். டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது என் வேலை. "இனிக் குணப்படுத்த முடியாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர் விளக்கிய அன்று, "மருந்தை மாற்றித் தருகிறாராம்" என்றேன். அவர் பேசியது கால் மணி நேரம். நான் சொன்னது ஒரு வரி. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பது மகரகமையில். எங்கள் பக்கம் "மகரகமைக்கு எழுதிவிட்டார்கள்" என்றாலே, என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. அம்மாவுக்கும் முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் அழுவேனென்று அவர் கேட்கவில்லை. அவர் அழுவாரென்று நான் சொல்லவில்லை. ஒரே அறைக் காம்பராவில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கிடந்தோம்.

தமிழ் தெரிந்த ஒரு மிஸி, அதாவது தாதி, வந்த பிறகே இது மாறியது. கட்டிலருகே உட்கார்ந்து, "உங்கள் உடம்புக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். பிறகு, "எல்லாம் தெரிந்துகொள்ள விருப்பமா, மகளிடம் மட்டும் சொல்லட்டுமா?" என்றார்.

"என் உடம்பு, என்னிடமே சொல்லுங்கள். தீபாவளிக்கு இருப்பேனா?"

மிஸி நாள் குறிக்கவில்லை. "இனி வாரக் கணக்குத்தான் என்று டாக்டர் நினைக்கிறார். கூடலாம், குறையலாம். வலியோடு விடமாட்டோம்." அதன்பின் அவர் பேசவில்லை. நான் ஏதோ சொல்லப் போனேன், கையமர்த்தினார்.

மோர்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்களா என்று இந்தக் குழுவில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். நானும் அப்படித்தான் பயந்தேன். வலி வரும்வரை காத்திருக்காமல், நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மலச்சிக்கலுக்கான மருந்தோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். வலிக்கேற்ப அளந்து கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது, சகோதரி. அம்மா பல மாதங்களுக்குப் பிறகு தூங்கினார்.

ஆனால் மருந்துக்குப் போகாத வலியும் இருந்தது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸை, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்றார். அம்மாவுக்கு அது சித்தி. மூன்று ஆண்டாகப் பேச்சில்லை. மிஸி பேசிவிட்டுப் போன அன்றிரவே சேமலாப நிதிக் கடதாசி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, "தங்கச்சியை வரச் சொல், பிள்ளை" என்றார்.

சித்தி மறுநாளே வந்தார். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு அம்மா போகும்வரை, தினமும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்காரவைத்துத் தலைவாரிவிட்டார்.