சாணைக்கல் தூசியால் இருமல், ஆபத்தா? அவசர உதவி தேவை

புதுஉளி:
வணக்கம். சாணைக்கல் ஒன்றைச் சமமாக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாகத் தொண்டை கரகரப்பு, இருமல். மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வருகிறது. இந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும்? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலம்தச்சர்:
என்ன கல் தம்பி? கடையில் வாங்கிய கார்போரண்டம் என்ற செயற்கைக் கல்லா, பழைய மணற்கல்லா? கையால் தேய்க்கிறீர்களா, மோட்டாரிலா? தண்ணீர் விட்டீர்களா? இதெல்லாம் தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது?

பட்டறைவாசி:
மோட்டார் கிரைண்டராகத்தான் இருக்கும். முதலில் வீலைக் கழற்றி விரலில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். தீட்டும் கருவியை வைக்கும் தாங்கிக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஓடும்போது வீல் உடைந்து தெறித்ததை நேரில் பார்த்தவன் நான். தூசியைவிட அதுதான் உயிரை வாங்கும்.

நீர்க்கல்:
அவர் மோட்டார் என்று சொல்லவே இல்லையே. எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்த அறையில்? மாஸ்க் போட்டீர்களா?

மூத்தவர்62:
இந்தக் கேள்வியை இதே இடத்தில் பலமுறை அலசியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். சாணைக்கல்லை உலர்வாகத் தேய்க்கக்கூடாது என்பது முதல் நாள் பாடம். அதுகூடத் தெரியாதவர் உளியைத் தொடும் முன் ஒரு ஆசாரியிடம் ஆறு மாதம் உட்கார வேண்டும்.

நர்ஸ்அக்கா:
ஐயா, அவர் பயந்துபோய்க் கேட்கிறார். பாடம் அப்புறம் எடுக்கலாம். தம்பி, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் இருந்தால் இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

புதுஉளி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தாத்தாவின் கல். பழுப்பு நிறம், தொட்டால் மணல் போலச் சொரசொரப்பு. நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. உப்புத்தாளைத் தரையில் ஒட்டி அதன்மேல் கையால் தேய்த்தேன். தண்ணீர் விடவில்லை, தாள் பிய்ந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு நாள், தினமும் ஒரு மணி நேரம், படுக்கையறையில், மின்விசிறியைப் போட்டுக்கொண்டு. முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தேன்.

நீர்க்கல்:
இப்போது புரிகிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மணற்கல். மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், அதுதான் கரகரப்பு. சில மைக்ரான் அளவே உள்ள, கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பை உண்டாக்குகிறது. அதற்குப் பெயர் சிலிக்கோசிஸ். தழும்பு விழுந்தால் திரும்ப ஆறாது. இந்தத் துகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே வகைப்படுத்திவிட்டது.

ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பல வருடம் தினமும் சுவாசித்தவர்களுக்கு வருவது. நான்கு மணி நேரத்துக்காகக் கலங்க வேண்டாம். இனி உலர்வாகத் தேய்க்காதீர்கள், அவ்வளவுதான். கைக்குட்டை இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் என்95 மாஸ்க் வேண்டும்.

சைக்கிள்சாணை:
எங்கள் பெரியப்பா நாற்பது வருடம் தெருத்தெருவாகச் சாணை பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

நீர்க்கல்:
அவர் திறந்த வெளியில் பிடித்தார், அநேகமாகச் செயற்கைக் கல்லில். அலுமினியம் ஆக்சைடு, கார்போரண்டம் வீல்களில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே மணற்கல் சக்கரத்தில்தான் கத்தியும் முள்கரண்டியும் தீட்டினார்கள். உலர் கல்லில் முள்கரண்டி தீட்டியவர்கள், ஈரக் கல்லில் வேலை செய்தவர்களைவிட இளம் வயதிலேயே செத்துப்போனார்கள். அந்தக் காலத்து மருத்துவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே ஊர், அதே தொழில், வித்தியாசம் தண்ணீர்தான். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் சிலேட்டுக்குச்சி அறுத்தவர்களும் குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்ற மணிக்கல் தேய்த்தவர்களும் இதே நோயில் மாண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்க்கல்:
தண்ணீர் எதற்கு? இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் தூசியே எழாது, உளியும் துருப்பிடிக்காது.

சேலம்தச்சர்:
தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழியில் உறைந்து கல்லின் துளையை அடைத்துவிடும், அப்புறம் சிக்கு வாடை. எண்ணெய்தான் வேண்டுமென்றால் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

எண்ணெய்க்கல்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய்தான். கல் இன்னும் வெட்டுகிறது.

மூத்தவர்62:
மூன்று தலைமுறை செய்ததாலேயே ஒன்று சரியாகிவிடாது. இரண்டாவது, கேட்டவருக்கு இப்போது தேவை எண்ணெய் அல்ல, அறையைச் சுத்தம் செய்யும் வழி. அதை யாராவது சொன்னீர்களா? துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விசிறியின் இறக்கை மேலேயும்தான்.

நர்ஸ்அக்கா:
இது நல்ல பதில் ஐயா. ஒன்று சேர்க்கிறேன். ஈரமாகத் தேய்த்தாலும் அந்தச் சேறு காய்ந்தால் மறுபடி தூசிதான். காயும் முன் துடைத்துத் துணியை அலசிவிடுங்கள். வேலை செய்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். மெத்தை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் உதறாமல் அப்படியே நனைத்துத் துவையுங்கள்.

சேலம்தச்சர்:
கறுப்பு நிறத்தில் நீர் உப்புத்தாள் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், நனைந்தாலும் பிய்யாது. அதைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து வாசலில் உட்கார்ந்து தேயுங்கள். கல் எப்போதும் சொதசொதவென்று இருக்க வேண்டும்.

புதுஉளி:
எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் காட்டினேன், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, எரிச்சல்தான் என்றார். இருமல் குறைந்துவிட்டது. அறையைத் துடைத்தாயிற்று. கல் இப்போது கொல்லையில் வாளித் தண்ணீரில் கிடக்கிறது.

கத்திக்காரி:
இழையைப் படித்ததும் எனக்கும் ஒரு சந்தேகம். அம்மாவின் கல்லில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கிறது, தண்ணீர் விட்டால் உருண்டு ஓடுகிறது. அதை எப்படி நனைத்துத் தேய்ப்பது?